அமெரிக்கக் கடல் சரக்குத் தொழிலில் இறங்கும் புதியவர்களுக்கு: எஃப்எம்சி லைசென்ஸும் பாண்டும்

நியூஜெர்சியிலோ ஹூஸ்டனிலோ ஒரு சின்ன அலுவலகம் பிடித்து, கப்பலில் சரக்கு அனுப்பிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கலாம் என்று நினைக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "பாண்டுக்கு எவ்வளவு ஆகும்?" என்பதுதான். பாண்ட் என்றால் நீங்கள் வாக்குத் தவறினால் பாதிக்கப்படுபவர்களுக்காக வைக்கும் ஜாமீன். அந்தக் கேள்வி பிறகு வர வேண்டியது. நீங்கள் செய்யப்போகும் வேலைக்குச் சட்டத்தில் என்ன பெயர் என்பது முதல் கேள்வி. யாருடைய அனுபவத்தைக் காட்டி லைசென்ஸ் கேட்கப் போகிறீர்கள் என்பது இரண்டாவது. இந்த இரண்டுக்கும் விடை இல்லாமல் பாண்டுக்கு ஓடி, பணத்தையும் மாதங்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

அமெரிக்காவுக்கு வரும், அமெரிக்காவிலிருந்து போகும் கடல் சரக்குப் போக்குவரத்தைக் கண்காணிப்பது பெடரல் மேரிடைம் கமிஷன். 1961-இல் அமைக்கப்பட்டது, தலைமையகம் வாஷிங்டனில். தொழிலில் எல்லோரும் எஃப்எம்சி என்றே சொல்வார்கள். அதன் கையில் இருக்கும் அடிப்படைச் சட்டம் 1984-ஆம் ஆண்டின் ஷிப்பிங் ஆக்ட். அதை 1998-இல் திருத்தினார்கள். திருத்தம் 1999 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதுவரை தனித்தனியாக இருந்த ஃபார்வர்டரையும் (சரக்கு அனுப்ப ஏற்பாடு செய்து தருபவர்) என்விஓசிசியையும் (சொந்தக் கப்பல் இல்லாத கேரியர்) 'கடல் போக்குவரத்து இடைநிலையாளர்' என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது அந்தத் திருத்தம்தான். சுருக்கமாக ஓடிஐ. லைசென்ஸ், பாண்ட் பற்றிய விதிகள் எல்லாம் கூட்டாட்சி விதித் தொகுப்பின் 46-ஆம் தலைப்பில், 515-ஆம் பகுதியில் இருக்கின்றன. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். வக்கீலுக்குக் காசு கொடுப்பதற்கு முன் ஒரு வார இறுதியில் உட்கார்ந்து அதைப் படித்துவிடுங்கள்.

முதலில், நீங்கள் யார்?

இதைத் தீர்மானிக்க ஒரு எளிய சோதனை உண்டு. பில் ஆஃப் லேடிங்கை, அதாவது சரக்கை ஏற்றுக்கொண்டதற்கான ரசீதும் ஒப்பந்தமுமான ஆவணத்தை, யார் யாருக்குக் கொடுக்கிறார் என்று பாருங்கள்.

நெவார்க்கிலிருந்து சென்னைக்கு ஒரு கன்டெய்னர் இயந்திர உதிரிபாகம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றுமதி செய்பவருக்காக நீங்கள் கப்பல் கம்பெனியில் இடம் பிடிக்கிறீர்கள், பேப்பர்களைத் தயார் செய்கிறீர்கள், லாரியை ஏற்பாடு செய்கிறீர்கள். பில் ஆஃப் லேடிங் மட்டும் கப்பல் கம்பெனிக்கும் ஏற்றுமதியாளருக்கும் இடையில் நேரடியாகப் போகிறது. உங்களுக்கு ஏற்றுமதியாளரிடமிருந்து கட்டணம், கப்பல் கம்பெனியிடமிருந்து கமிஷன். இந்த வேலை செய்பவர் ஃப்ரெய்ட் ஃபார்வர்டர்.

அதே கன்டெய்னரை நீங்களே உங்கள் பெயரில் எடுத்து, ஊர் திரும்பும் பத்துக் குடும்பங்களின் வீட்டுச் சாமான்களை அதில் ஏற்றுகிறீர்கள் என்றால் கதை மாறிவிடுகிறது. கப்பல் கம்பெனி உங்களுக்கு ஒரு மாஸ்டர் பில் தருகிறது; அந்தப் பத்துப் பேருக்கும் நீங்கள் தனித்தனி ஹவுஸ் பில் தருகிறீர்கள். கப்பல் கம்பெனியின் கண்ணில் நீங்கள் சரக்கு அனுப்புபவர், குடும்பங்களின் கண்ணில் நீங்களே கேரியர். ஒரு பெட்டி காணாமல் போனால், "கப்பல்காரனைக் கேளுங்கள்" என்று கை காட்ட முடியாது. கப்பல் இல்லாத இந்தக் கேரியருக்குத்தான் என்விஓசிசி என்று பெயர்.

ஃபார்வர்டர் லைசென்ஸ் அமெரிக்காவிலிருந்து வெளியே போகும் சரக்குக்கு மட்டும். என்விஓசிசி இரண்டு திசைக்கும் பொருந்தும். இரண்டு வேலையும் செய்வதானால் இரண்டுக்கும் அனுமதி வேண்டும். இறக்குமதியாகும் சரக்கைச் சுங்கத்தில் விடுவித்துத் தரும் கஸ்டம்ஸ் புரோக்கர் வேலைக்கு எஃப்எம்சிக்குச் சம்பந்தமே இல்லை. அந்த லைசென்ஸைத் தருவது அமெரிக்கச் சுங்கத்துறை, அதற்குத் தனித் தேர்வு இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றைச் செய்துவிடலாம் என்று நினைத்து மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

லைசென்ஸ் தேவைப்படாத இடங்களும் உண்டு. சொந்தச் சரக்கைத் தானே அனுப்பும் வியாபாரிக்கு வேண்டாம். லைசென்ஸ் உள்ள கம்பெனியில் சம்பளத்துக்கு வேலை செய்பவருக்குத் தனியாக வேண்டாம். சென்னையிலிருந்து துபாய்க்குப் போகும் சரக்கு, அமெரிக்காவைத் தொடாத வரை, இந்தக் கமிஷனின் எல்லைக்குள் வராது.

இரண்டாவது, தகுதியுள்ள ஆள்

லைசென்ஸ் கம்பெனியின் பெயரில்தான் வரும். ஆனால் அது நிற்பது ஒரு மனிதரின் மேல். விதிகள் அவரைத் 'தகுதியுள்ள தனிநபர்' என்கின்றன, பேச்சில் க்யூஐ. அவருக்கு அமெரிக்காவில் ஓடிஐ வேலையில் குறைந்தது மூன்று ஆண்டு அனுபவம் இருக்க வேண்டும், நன்னடத்தையும் வேண்டும். தனியாள் தொழிலென்றால் அந்த முதலாளியே க்யூஐ. கார்ப்பரேஷன் என்றால் செயல்படும் அதிகாரிகளில் ஒருவர். எல்எல்சி என்றால் அதன் உறுப்பினர் அல்லது மேலாளர். வெளியாள் ஒருவருடைய பெயரை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொள்ள இடமில்லை. ஒரே ஆள் இரண்டு கம்பெனிகளுக்கு க்யூஐயாக இருப்பதும், அவை ஒரே உரிமையாளரின் கையில் இருந்தாலோ ஒன்று மற்றதைக் கட்டுப்படுத்தினாலோ ஒழிய, நடக்காது.

இங்கேதான் நம்மவர்கள் பலர் தடுக்கி விழுகிறார்கள். சென்னையில் பதினைந்து வருடம் கப்பல் ஏஜென்சியில் பழம் தின்று கொட்டை போட்டவராக இருப்பார். அமெரிக்காவில் கம்பெனி தொடங்கி இந்த லைசென்ஸ் கேட்கும்போது அந்தப் பதினைந்து வருடம் கணக்கில் ஏறாது, ஏனென்றால் அனுபவம் அமெரிக்காவில் பெற்றதாக இருக்க வேண்டும். விமான சரக்கு, லாரி டிஸ்பாட்ச், கிடங்கு நிர்வாகம், கஸ்டம்ஸ் புரோக்கரேஜ் இவையும் கணக்கில் வராது. ஏற்றுமதி புக்கிங் போட்டது, கப்பல் ஆவணங்கள் தயாரித்தது, பில் ஆஃப் லேடிங் வெளியிட்டது, எல்சிஎல் சரக்கை (தனியே ஒரு கன்டெய்னரை நிரப்பாத சரக்கை) ஒன்றாகச் சேர்த்து அனுப்பியது, கட்டணம் பேசியது என்று ஓடிஐ வேலையின் உள்ளே நின்று செய்த காரியங்கள்தான் வேண்டும்.

அனுபவக் கடிதம் வாங்கும்போது, "இவர் எங்களிடம் சிறப்பாகப் பணியாற்றினார்" என்ற ஒற்றை வரியை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, முழுநேரமா பகுதிநேரமா, ஏற்றுமதியா இறக்குமதியா, தினமும் கையால் செய்த வேலை என்ன, எல்லாம் அதில் இருக்க வேண்டும். கடிதம் எழுதுபவர் அதை நேரில் பார்த்தவராக இருக்கட்டும். கமிஷனின் ஊழியர்கள் அவரைத் தொடர்புகொண்டு விசாரிப்பார்கள்.

மூன்று வருடம் இல்லையென்றால், லைசென்ஸ் உள்ள ஒரு நல்ல கம்பெனியில் சேர்ந்து அதைச் சம்பாதியுங்கள். இது காத்திருக்கும் காலம் என்று நினைக்க வேண்டாம். சரக்கு எங்கே சிக்கும், யார் எப்போது பணம் தராமல் இழுப்பார்கள் என்பதெல்லாம் அந்த மூன்று வருடத்தில்தான் பிடிபடும். இல்லையென்றால் அனுபவமுள்ள ஒருவரை உண்மையான பங்குதாரராகவோ அதிகாரியாகவோ சேர்த்துக்கொள்ளுங்கள். 'உண்மையான' என்பதை அழுத்திச் சொல்கிறேன். அவர் நாளைக்கு விலகினால் உங்கள் லைசென்ஸின் தூண் விலகுகிறது. அப்படி விலகினால் 30 வேலை நாட்களுக்குள் கமிஷனுக்குத் தெரிவித்து, மாற்று ஆளின் விவரத்தையும் கொடுக்க வேண்டும். அதனால் முடிந்தால் இரண்டாவதாகவும் ஒரு தகுதியுள்ள ஆளை வளர்த்து வையுங்கள்.

மூன்றாவது, படிவம் எஃப்எம்சி-18

விண்ணப்பப் படிவத்தின் எண் 18. கமிஷனின் தளத்திலேயே நிரப்பி அனுப்பலாம். கட்டணம் உண்டு, தொகையை நிரப்பும் நாளில் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பெனி எந்த மாநிலத்தில் பதிவானது, உரிமையாளர்கள் யார், அதிகாரிகள் யார், தொடர்புடைய வேறு கம்பெனிகள் உண்டா, க்யூஐயின் வேலை வரலாறு என்ன என்று கேட்கும். குற்ற வழக்கு, திவால், வரிப் பாக்கி பற்றியும் கேட்கும். பழைய விஷயம் ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதி, அது எப்படி முடிந்தது என்ற ஆவணத்தையும் சேர்த்துவிடுங்கள். பழைய திவாலை விட, அதை மறைத்தது வெளியே வருவதுதான் நன்னடத்தைக் கேள்வியில் அதிகம் அடிக்கும்.

படிவத்தில் அதிகம் பேரை நிறுத்திவைப்பது பெயர். மாநிலப் பதிவில் 'இன்க்.' இருக்கும், படிவத்தில் 'இன்கார்ப்பரேட்டட்' என்று இருக்கும், பாண்டில் இரண்டுமே இருக்காது. கடைப் பலகையில் இன்னொரு வணிகப் பெயர் தொங்கும். கமிஷனுக்கு இவை எல்லாம் வேறு வேறு ஆள். மாநிலப் பதிவுச் சான்றிதழை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, அதிலுள்ள புள்ளி, காற்புள்ளி உட்பட அப்படியே படிவத்தில் எழுதுங்கள். வணிகப் பெயர் எத்தனை இருந்தாலும் அத்தனையையும் குறிப்பிடுங்கள். அதே எழுத்துக்களைத்தான் பாண்ட் கொடுப்பவருக்கும் அனுப்ப வேண்டும்.

விண்ணப்பம் போனதும் சரிபார்ப்பு நடக்கும். விளக்கம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அன்றே பதில் போடுங்கள். பல கோப்புகள் மாதக்கணக்கில் தூங்குவதற்குக் காரணம் விண்ணப்பதாரர் பதில் சொல்லாததுதான்.

நான்காவது, பாண்ட்

சரி, இப்போது பாண்டுக்கு வருவோம். ஃபார்வர்டருக்கு 50,000 டாலர். அமெரிக்காவில் இருக்கும் என்விஓசிசிக்கு 75,000 டாலர். லைசென்ஸ் எடுக்காமல் பதிவு மட்டும் செய்துகொள்ளும் வெளிநாட்டு என்விஓசிசிக்கு 150,000 டாலர். ஃபார்வர்டரும் என்விஓசிசியுமாக இருந்தால் இரண்டும் தனித்தனியே வேண்டும், கூட்டினால் 125,000. முன்பு ஒவ்வொரு கிளை அலுவலகத்துக்கும் கூடுதலாக 10,000 டாலர் கேட்டார்கள்; 2015-இல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். பழைய வழிகாட்டிகளில் இன்னும் அந்தத் தொகை இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்தத் தொகை முழுவதையும் நீங்கள் கட்ட வேண்டியதில்லை. ஷ்யூரிட்டி கம்பெனி ஒன்று உங்களுக்காக ஜாமீன் நிற்கிறது. அதற்கு நீங்கள் வருடத்துக்கு ஒரு பிரீமியம் கட்டுகிறீர்கள். பிரீமியம் பாண்ட் தொகையில் ஒரு சிறு விழுக்காடு. உங்கள் கிரெடிட், கம்பெனியின் கணக்கு, அனுபவம் இவற்றைப் பார்த்து அது ஏறும் இறங்கும். புதுக் கம்பெனி என்றால் சிலர் ஈடும் கேட்பார்கள். கருவூலத் துறையின் அங்கீகாரப் பட்டியலில் உள்ள ஷ்யூரிட்டி கம்பெனிதான் செல்லும். அவர்கள் நிரப்பி அனுப்பும் பாண்ட் படிவம் எஃப்எம்சி-48. காப்பீடாகக் காட்ட 67, உத்தரவாதமாகக் காட்ட 68, சங்கமாகச் சேர்ந்து கூட்டுப் பாண்ட் எடுக்க 69 என்று வேறு படிவங்களும் இருக்கின்றன. தனியாகத் தொடங்கும் சிறு கம்பெனிக்கு 48 தான் வழக்கமான பாதை.

ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். பாண்ட் உங்களுக்கான காப்பீடு அல்ல. நீங்கள் வாக்குத் தவறினால் பாதிக்கப்படும் வாடிக்கையாளரையும் கப்பல் கம்பெனியையும் காக்க வைத்த ஜாமீன் அது. ஒருவர் பணத்தை வாங்கிக்கொண்டு நீங்கள் கப்பல் கட்டணத்தைக் கட்டாமல் விட்டதால் அவருடைய சரக்கு சென்னையில் மாட்டிக்கொண்டது என்று வையுங்கள். அவர் முதலில் உங்களுக்கு உரிமைக் கோரிக்கை அனுப்புவார். 45 நாட்களில் பேசித் தீரவில்லையென்றால், தீர்ப்பு வாங்கிக்கொண்டு பாண்டிலிருந்து பணம் கேட்கலாம். ஷ்யூரிட்டி கொடுத்துவிட்டு, அந்தப் பணத்தை உங்களிடம் திரும்ப வசூலிக்கும். பாண்ட் எடுக்கும்போது நீங்கள் கையெழுத்திடும் ஈட்டுறுதிப் பத்திரம் அதற்காகத்தான். பெரும்பாலும் உரிமையாளர்கள் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்திட வேண்டியிருக்கும். மனைவியோ கணவரோ சேர்ந்து கையெழுத்துப் போடச் சொன்னால், வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போடுங்கள். சரக்குச் சேதத்துக்கும் பிழைகளுக்கும் உங்களைக் காக்கிற பொறுப்புக் காப்பீடு வேறு. அதைத் தனியாக வாங்க வேண்டும்.

பாண்டை எப்போது எடுப்பது? ஷ்யூரிட்டியிடம் முன்கூட்டியே விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பணம் கட்டி நடைமுறைக்குக் கொண்டுவருவது விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்ற அறிவிப்பு வந்த பிறகு போதும். அறிவிப்பு வந்த 120 நாட்களுக்குள் பாண்ட் கமிஷனுக்குப் போய்ச் சேர வேண்டும். அதைத் தாண்டினால் விண்ணப்பம் செல்லாததாகிவிடும். பாண்ட் போய்ச் சேராமல் லைசென்ஸ் கைக்கு வராது.

எடுத்த பாண்டைக் காப்பாற்றுவதும் வேலைதான். ஷ்யூரிட்டி விலக நினைத்தால் கமிஷனுக்கு 30 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு விலகலாம். அதற்குள் மாற்றுப் பாண்ட் போகவில்லையென்றால் லைசென்ஸ் ரத்து. நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இடம் மாறினோம்; பிரீமியம் பில் பழைய முகவரிக்கே போய்க்கொண்டிருந்தது. ரத்து நோட்டீஸின் நகல் கைக்கு வந்தபோது பாதி நாள் ஓடிவிட்டது. துறைமுகத்தில் எங்கள் பெயரில் கன்டெய்னர்கள் நின்றுகொண்டிருந்தன. புதுப் பாண்ட் கமிஷனுக்குப் போய்ச் சேர்ந்தது என்ற உறுதி வரும்வரை யாரும் சரியாகத் தூங்கவில்லை. அன்றிலிருந்து பிரீமியம் தேதியை இரண்டு பேருடைய காலண்டரில் போட்டுவைக்கிறேன்.

ஐந்தாவது, என்விஓசிசிக்கு மட்டும்: டாரிஃப்

ஃபார்வர்டர் இதைத் தாண்டிப் போகலாம். என்விஓசிசி லைசென்ஸ் கிடைத்ததும் அன்றே சரக்கை வாங்கிவிட முடியாது. உங்கள் கட்டணங்களும் விதிகளும் அடங்கிய டாரிஃபை மின்னணு முறையில் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அது எங்கே இருக்கிறது என்பதைப் படிவம் எஃப்எம்சி-1 மூலம் கமிஷனுக்குச் சொல்ல வேண்டும். இதற்கென்றே டாரிஃப் வெளியீட்டாளர்கள் இருக்கிறார்கள், சிறு கம்பெனிகள் அவர்களிடமே விடுகின்றன. டாரிஃபில் கட்டணத்தை ஏற்றினால் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். குறைத்தால் வெளியிட்ட உடனே செல்லும்.

ஒவ்வொரு கட்டணத்தையும் டாரிஃபில் போட்டுக்கொண்டிருப்பது சிறு கம்பெனிக்குப் பெரும் பாரமாக இருந்தது. அதனால் 2011 முதல் என்ஆர்ஏ என்ற வழி வந்தது. ஒரு வாடிக்கையாளரோடு பேசி முடித்த கட்டணத்தை எழுத்தில் வைத்துக்கொண்டால், அந்தக் கட்டணத்தை டாரிஃபில் போட வேண்டாம். விதிகள் அடங்கிய டாரிஃப் மட்டும் இலவசமாகப் பார்க்கும்படி இருக்க வேண்டும், அதில் என்ஆர்ஏ பயன்படுத்துகிறோம் என்ற அறிவிப்பும் இருக்க வேண்டும். சரக்கு உங்கள் கைக்கு வருவதற்குள் கட்டணம் எழுத்தில் முடிந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். தொலைபேசியில் பேசிவிட்டு, சரக்கு வந்த பிறகு மின்னஞ்சல் போடும் பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

உங்களிடம் நிரம்பாத சரக்கை இன்னொரு என்விஓசிசியின் கன்டெய்னரில் சேர்த்து அனுப்பினால், அதன் பெயரை உங்கள் ஹவுஸ் பில்லில் குறிப்பிட வேண்டும். இதை மறப்பவர்கள் அதிகம்.

டாரிஃபும் பாண்டும் இல்லாத என்விஓசிசியின் சரக்கைத் தெரிந்தே ஏற்றுவது கப்பல் கம்பெனிக்கும் குற்றம். அதனால் கப்பல் கம்பெனிகள் உங்கள் எண்ணை எஃப்எம்சி பட்டியலில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் ஒப்பந்தம் போடும். அந்தப் பட்டியல் எல்லோருக்கும் திறந்தது. வீட்டுச் சாமான்களை ஊருக்கு அனுப்பும் குடும்பங்களிடமும் இதைச் சொல்லுங்கள், உங்கள் எண்ணை நீங்களே கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மலிவு விலை சொல்லிப் பெட்டிகளை ஏற்றிவிட்டு, பிறகு கூடுதல் பணம் கேட்டுப் பிடித்துவைக்கும் லைசென்ஸ் இல்லாத ஆட்களிடம் மாட்டியவர்கள் நம் சமூகத்திலும் இருக்கிறார்கள். அம்மாவின் பட்டுப்புடவையும் பிள்ளைகளின் ஆல்பமும் அந்தப் பெட்டிக்குள் இருக்கும்.

லைசென்ஸ் வந்த பிறகு

லைசென்ஸில் உள்ள பெயரிலும் எண்ணிலும் மட்டும் தொழில் செய்யுங்கள். லெட்டர்ஹெட்டிலும் பில்லிலும் இரண்டும் இருக்கட்டும். ஆவணங்களை 5 ஆண்டுகள் அமெரிக்காவில் வைத்திருக்க வேண்டும். உங்களுக்கே பங்கு உள்ள சரக்கை அனுப்பும்போது ஃபார்வர்டர் என்ற பேரில் கப்பல் கம்பெனியிடம் கமிஷன் வாங்கக் கூடாது. பெயரை மாற்றுவது, தனியாள் தொழிலைக் கார்ப்பரேஷனாக்குவது, லைசென்ஸை மாற்றித் தருவது இவற்றுக்கு முன்னனுமதி வேண்டும். முகவரி மாறினால் தெரிவித்தால் போதும், ஆனால் தெரிவிக்க வேண்டும். லைசென்ஸ் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும். அந்தத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள்.

சென்னையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் செய்பவர்களுக்கு

திருப்பூர் பின்னலாடையை நியூயார்க்குக்குச் சொந்த ஹவுஸ் பில்லில் அனுப்பும் கம்பெனி, அலுவலகம் தூத்துக்குடியில் இருந்தாலும் எஃப்எம்சியின் கண்ணில் என்விஓசிசிதான். இந்தியாவில் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் எடுத்த எம்டிஓ (பலவகைப் போக்குவரத்து இயக்குநர்) பதிவு அமெரிக்காவில் செல்லாது. இவர்களுக்கு இரண்டு வழி இருக்கிறது.

ஒன்று, பதிவு. படிவம் எஃப்எம்சி-65, 150,000 டாலர் பாண்ட், டாரிஃப், படிவம் எஃப்எம்சி-1. சட்ட நோட்டீஸ்களைப் பெற்றுக்கொள்ள அமெரிக்காவில் ஒரு பிரதிநிதியையும் நியமிக்க வேண்டும். க்யூஐ தேவையில்லை. ஆனால் அமெரிக்க மண்ணில் நடக்கும் ஓடிஐ வேலைகளுக்கு அங்கே லைசென்ஸ் உள்ளவரைத்தான் ஏஜென்டாக வைக்க வேண்டும். இந்தப் பதிவும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது.

இன்னொன்று, லைசென்ஸ். அமெரிக்காவில் ஓர் அலுவலகம் திறந்து படிவம் 18 போட்டால் பாண்ட் 75,000 டாலராகக் குறையும். இங்கே ஒரு சலுகை இருக்கிறது: வெளிநாட்டு என்விஓசிசி லைசென்ஸ் கேட்கும்போது க்யூஐயின் மூன்று ஆண்டு அனுபவம் அமெரிக்காவில் பெற்றதாக இருக்க வேண்டும் என்று விதி சொல்லவில்லை. முன்னால் சொன்ன சென்னை ஏஜென்சிக்காரரின் பதினைந்து வருடத்துக்கு இந்தப் பாதையில் மதிப்பு உண்டு.

மாதத்துக்கு ஒன்றிரண்டு கன்டெய்னர்தான் அமெரிக்காவுக்குப் போகிறது என்றால், இந்த இரண்டில் எதையும் எடுக்காமல், பதிவோ லைசென்ஸோ உள்ள ஓர் என்விஓசிசியின் பில்லில் அதன் ஏஜென்டாக அனுப்புவதுதான் என் கணக்கில் புத்திசாலித்தனம். பில்லின் மேல் யார் பெயர் அச்சாகிறதோ அவருடைய எண் எஃப்எம்சி பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் முதல் கன்டெய்னருக்கு முன் பார்த்துவிடுங்கள்.